தனிமையை நிறுக்கும் தராசு

நம்மவர் மலாய் நாட்டில் கால் வைத்த நாள் முதலாக எண்ணப்பட்டே வந்திருக்கின்றனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறுமுன் எண்ணப்பட்டார்கள். பினாங்கிலும் போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலும் இறங்கியதும் எண்ணப்பட்டார்கள். தோட்டத்திலே பொழுது விடியுமுன் பெரட்டுக்கு நின்று எண்ணப்பட்டார்கள். எத்தனை மரம் சீவினார்கள், எத்தனை வாளி பால் கொணர்ந்தார்கள், எத்தனை நாள் வேலைக்கு வரவில்லை என்பனவெல்லாம் செக்ரோலில் ஏறின. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்ட பின்னர், முதலாளிகள் அந்நிதிக்குச் செலுத்த வேண்டிய தொகையும் நம்மவர் உழைத்த நாட்களைக் கணக்கிட்டே விதிக்கப்பட்டது. இத்தனை கணக்குகளும் இருந்தும் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்கப்படவேயில்லை. "அப்பா, உனக்கு மனம் விட்டுப் பேச ஓர் ஆள் உண்டா?" என்பதே அக்கேள்வி.

மனிதர் எதை எண்ணுகிறார்களோ அதையே பொருட்படுத்துகிறார்கள். எண்ணப்படாத துன்பம் விதியின் தலையிலோ, குடிகாரனின் தலையிலோ, சோம்பேறியின் தலையிலோ சுமத்தப்பட்டு மறக்கப்படுகிறது. தனிமை என்னும் துன்பமும் அவ்விதமே மறக்கப்பட்டது. அதனை அளக்கவும் ஒரு தராசு செய்யலாம் என்று அறிஞர் முயன்ற வரலாற்றையும், அத்தராசு கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரத்து நம் மக்களுக்குப் பொருந்துமா என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நம் கதையைச் சிறிது நினைவுகூர்வோம்.

1910-இல் ஒப்பந்தக் கூலி முறையில் ஆளெடுப்பது நின்றது. அதன் பின்னர்க் கங்காணி தன் ஊருக்குச் சென்று, தன் உற்றார் உறவினரையும் அண்டை அயலாரையும் அழைத்து வரும் முறையே மேலோங்கி நின்றது. 1938-இல் இந்திய சர்க்கார் உதவி பெற்றுக் குடியேறுவதைத் தடை செய்யும் வரையில் அம்முறை நீடித்தது. வந்தவர்களிற் பெரும்பாலோர் ஆண்கள். 1911, 1921, 1931 ஆகிய ஆண்டுகளில் எடுக்கப்பட்ட ஜனத்தொகைக் கணக்குகள் ஒவ்வொன்றும் இதனைச் சொல்லும். முப்பது ஆண்டுகளாகப் பெண்களின் வருகை பெருகிய பின்னரும், 1931-இல் இந்நாட்டு இந்தியரில் ஆண் இருவருக்குப் பெண் ஒருவர் என்ற அளவே இருந்தது.

இவ்விகிதத்தைக் கண்ட உத்தியோகஸ்தர்கள் அதனைக் குடியேற்றப் பிரச்சினையாகவும் ஒழுக்கப் பிரச்சினையாகவும் எழுதினார்கள். 1936-ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய சர்க்காரால் அனுப்பப்பட்டு வந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் சம்பளம், குடியிருப்பு, கல்வி முதலியவற்றை விசாரித்து 1937-இல் அறிக்கை கொடுத்தார். அவ்விசாரணையால் சில நன்மைகள் விளைந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் விகிதம் என்பது ஓர் எண். அவ்வெண்ணுக்குப் பின்னால், லயனில் ஒரே அறையில் மற்றவரோடு படுத்துறங்கிக்கொண்டே, தஞ்சையிலோ திருச்சியிலோ சேலத்திலோ விட்டு வந்த மனைவி மக்களை நினைத்து விழித்திருந்த மனிதன் ஒருவன் இருந்தான். அவனைச் சுற்றி நூறு பேர் இருந்தனர். எனினும் அவன் தனியன். அந்த மனிதனை எந்த அறிக்கையும் விசாரிக்கவில்லை. அவனுக்குச் சர்க்காரும் முதலாளியும் அளித்த ஆறுதல் கள்ளுக்கடை ஒன்றுதான்.

நிற்க. பிறர் கேளாத கேள்வியை நம்மவர் தாமே எழுப்பிய காலமும் ஒன்று உண்டு. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த வேலை நிறுத்தத்தையே குறிப்பிடுகின்றோம். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும், அதன் தலைவராக நின்ற ஆர். எச். நாதனும் முன்வைத்த கோரிக்கைகளை இன்று எடுத்துப் பார்ப்போர், சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்குக் கல்வி, நல்ல வைத்திய வசதி ஆகியவற்றோடு வேறு இரண்டையும் காண்பர். துரைமார் எதிரே வரும்போது சைக்கிளினின்று இறங்காமற் செல்லும் உரிமை ஒன்று. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போகும் உரிமை மற்றொன்று. முன்னது மானத்தைப் பற்றியது என்பதை எல்லோரும் அறிவர். பின்னது எதைப் பற்றியது? தோட்டம் முதலாளியின் சொத்து. அங்கே வரும் விருந்தினனும் அத்துமீறி நுழைந்தவனாகக் கருதப்படலாம். அண்ணன் வீட்டுக்குத் தம்பி வருவதற்கும் துரையின் மனம் இசைய வேண்டியிருந்தது. ஆகவே கூலிக்கும் மானத்துக்கும் போராடிய அம்மக்கள், "எங்களைத் தனிமைப்படுத்தாதே" என்பதையும் ஒரு கோரிக்கையாக எழுதிவைத்தார்கள். நாதன் 1941 மே மாதத்தில் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். தனிமையைப் பற்றி மலாயாத் தமிழர் எழுதிய முதற் சாசனம் என்று அக்கோரிக்கையை நாம் சொன்னால் அது மிகையாகாது.

அதற்குப் பின் வந்த ஆண்டுகள் பிரிவின் ஆண்டுகளே. 1942, 1943 ஆகிய ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதைக்குப் பல்லாயிரவர் தமிழரைத் தோட்டங்களிலிருந்து கொண்டு சென்றனர். போனவர்களில் திரும்பாதவர் மிகப் பலர். 1947-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் இந்தியரின் தொகை 1931-இல் இருந்ததைக் காட்டிலும் குறைந்தே காணப்பட்டது. பின்னர் 1969-இல் வேலை அனுமதிச் சீட்டு முறை நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமை பெறாதிருந்த சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பினர் என்பர். ஒரே குடும்பத்தில் சிலர் கப்பலேறவும் சிலர் கரையில் நிற்கவும் நேர்ந்தது. 1926-இல் கட்டப்பட்டு நம் பெற்றோரையும் பாட்டன்மாரையும் சுமந்த ராஜுலா கப்பலும் 1973-இல் ஓய்ந்தது.

அதன் பின் தோட்டங்களே மறையத் தொடங்கின. ரப்பர் நின்ற நிலத்திலே செம்பனையும், செம்பனை நின்ற நிலத்திலே நகரமும் எழுந்தன. 1921-இல் தொடங்கிய பிராங் புசார் தோட்டமும் அதை அடுத்த தோட்டங்களும் இருந்த இடத்திலேதான் 1995 முதல் புத்ராஜெயா எழுந்தது. அங்கிருந்த தொழிலாளர் டெங்கிலில் அடுக்குமாடிக்குப் பெயர்ந்தனர். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே உத்தியோகஸ்தர் குடியிருந்த நூறு வீட்டுக் குடியிருப்பு இன்று இல்லை; 2001-இல் திறக்கப்பட்ட சென்ட்ரல் நிலையத்தைச் சுற்றி வானளாவிய கட்டடங்கள் நிற்கின்றன. லயனில் வாழ்ந்தவர்களுக்கு வறுமை இருந்தது. ஆனால் வாசலில் உட்கார்ந்தால் எதிர் வாசலிலிருந்து ஒரு குரல் வரும். பதினான்காவது மாடியில் கதவு மூடினால் குரல் வருவதில்லை. லயன் வாழ்க்கை பொற்காலம் என்று சொல்ல நாம் துணியோம். சாதிவாரியாக லயன்களைப் பிரித்து வைத்த தோட்டங்களும் இருந்தன என்பதை மறந்து பேசுவது பொய்யாகும். ஒரு துன்பம் போய் வேறொரு துன்பம் வந்தது என்பதே உண்மை.

இனி அத்துன்பத்தை அளக்க முயன்ற அறிஞரின் வரலாற்றுக்கு வருவோம்.

இங்கிலாந்தில் ஜோசப் ஷெல்டன் என்னும் வைத்தியர் வுல்வர்ஹாம்ப்டன் நகரத்து முதியோரை அவரவர் வீட்டிலேயே கண்டு விசாரித்து, 1948-இல் ஒரு நூல் வெளியிட்டார். உடல் நோயோடு தனிமையையும் அவர் கேட்டறிந்தார். பீட்டர் டவுன்செண்ட் என்பவர் கீழ் லண்டனிலுள்ள பெத்னல் கிரீன் பகுதி முதியோரை ஆராய்ந்து 1957-இல் எழுதினார். அவர் கண்ட உண்மை நம் கவனத்துக்குரியது. ஆள் நடமாட்டம் இல்லாமையும் தனிமைத் துன்பமும் ஒன்றல்ல. இருந்த துணையை இழப்பதே மனிதனைப் பெரிதும் வாட்டுகிறது என்பதே அவர் கண்டது. அமெரிக்காவில் ராபர்ட் வைஸ் 1973-இல் இதனை மேலும் பகுத்தார். நெஞ்சுக்கு நெருங்கிய ஒருவர் இல்லாத தனிமை ஒன்று. தோழமைக் கூட்டம் இல்லாத தனிமை மற்றொன்று. ஒன்றுக்கு மற்றொன்று மருந்தாகாது.

இப்பகுப்பை நம் வரலாற்றின் மேல் வைத்துப் பாருங்கள். 1931-இல் லயனில் இருந்த ஆணுக்குக் கூட்டம் இருந்தது. நெஞ்சுக்கு நெருங்கியவள் கடலுக்கு அப்பால் இருந்தாள். இன்று மகனோடு அடுக்குமாடியில் இருக்கும் மூதாட்டிக்கு நெருங்கியவர் வீட்டிலேயே இருக்கின்றனர். கூட்டம்தான் தோட்டத்தோடு போயிற்று. முன்னவனுக்குப் பஜனைக் கோஷ்டி போதாது. பின்னவளுக்கு மகனின் அன்பு மட்டும் போதாது. இரண்டையும் "தனிமை" என்ற ஒரே சொல்லால் அழைத்து ஒரே மருந்தைக் கொடுப்பவன் மூட வைத்தியனே ஆவான்.

அளவுகோல் செய்யும் வேலை 1978-இல் ஒரு நிலைக்கு வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டானியல் ரஸ்ஸல், லெட்டீஷியா ஆன் பெப்லாவ், மேரி பெர்குசன் என்னும் மூவர் இருபது வாக்கியங்கள் அடங்கிய வினாத்தாள் ஒன்றை அவ்வாண்டு வெளியிட்டனர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஒருபோதும் இல்லை" என்பது முதல் "அடிக்கடி" என்பது வரை நான்கு விடைகள். அவற்றுக்கு 1 முதல் 4 வரை மதிப்பெண். ஆகவே மொத்தம் 20-இலிருந்து 80 வரை வரலாம்.

இத்தகைய வினாத்தாளை எப்படி நம்புவது என்று வாசகர் கேட்கலாம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதனை விளக்க வெளியூர் உவமை வேண்டியதில்லை. பால் ஸ்டோருக்கு வாளி வந்ததும் நிறுப்பார்கள். ஆனால் வாளியின் நிறை ரப்பரின் நிறையாகாது. பாலில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கே ரப்பர். மற்றது பெரும்பாலும் நீர். மழைத் தண்ணீர் கலந்திருந்தால் நிறை கூடும், ரப்பர் கூடாது. ஆதலால் மெட்ரோலாக் என்னும் கருவியை மிதக்க விட்டுப் பாலின் செறிவைப் படிப்பார்கள். அக்கருவி நம்பத்தக்கதா என்பதை இரண்டு விதத்தில் அறியலாம். ஒரே பாலில் இருமுறை மிதக்க விட்டால் இருமுறையும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்ட வேண்டும். இது முதற் சோதனை. அந்தப் பாலைச் சிறிது எடுத்து உறைய வைத்து, உலர்த்தி, நிறுத்துப் பார்த்தால் கருவி சொன்னதும் தராசு சொன்னதும் ஒத்திருக்க வேண்டும். இது இரண்டாம் சோதனை. முதலாவதில் தேறிய கருவி நிலையானது. இரண்டாவதிலும் தேறிய கருவியே உண்மையானது. நிலையாகப் பொய் சொல்லும் தராசும் உலகில் உண்டு என்பதைத் தொழிலாளருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

வினாத்தாளுக்கும் இவ்விரு சோதனைகளே. இருபது வினாக்களும் ஒரே திசையில் இழுக்கின்றனவா என்று கணக்கிடுவர். பூரண ஒற்றுமைக்கு 1 என்று வைத்தால், 1978-ஆம் ஆண்டுத் தாள் 0.96 பெற்றது. இரண்டு மாதம் கழித்து அதே மனிதரைக் கேட்டபோது இரு விடைகளுக்கும் உள்ள ஒற்றுமை 0.73 ஆக இருந்தது. இரண்டு மாதத்தில் மனிதனின் தனிமையே மாறக்கூடுமாதலால் இதைவிட மிகுதியாக எதிர்பார்ப்பதற்கில்லை. இரண்டாம் சோதனைக்கு, தனிமையால் வருந்தி அதைப் பற்றிய கூட்டத்துக்குத் தாமாகவே வந்தவர்களையும், சாதாரண மாணவர்களையும் ஒப்பிட்டனர். வருந்தி வந்தவர்களின் மதிப்பெண் மிகவும் உயர்ந்திருந்தது. வாளியின் நிறை வேறு, ரப்பரின் நிறை வேறு என்பதுபோல, ஒருவனைச் சுற்றியுள்ள மனிதரின் எண்ணிக்கை வேறு, அவனது தனிமை வேறு என்பதும் இதனால் புலனாயிற்று.

ஆயினும் அத்தாளில் ஒரு குற்றம் இருந்தது. இருபது வாக்கியங்களும் துன்பத்தையே பேசின. எதைக் கேட்டாலும் "ஆமாம்" என்று சொல்லும் இயல்புடையவன் அத்தாளின்படி பெருந்தனியனாகத் தோன்றுவான். ஆதலால் 1980-இல் ரஸ்ஸல், பெப்லாவ், கரோலின் கட்ரோனா ஆகியோர் பத்து வாக்கியங்களைத் துணையுள்ள நிலையைப் பேசுவனவாகவும், பத்தைத் துணையற்ற நிலையைப் பேசுவனவாகவும் திருத்தினர். 1996-இல் ரஸ்ஸல் மீண்டும் வாக்கியங்களை எளிமையாக்கி, மாணவரோடு நில்லாமல் தாதியர், ஆசிரியர், முதியோர் ஆகியோரிடமும் சோதித்தார். மாணவர் படித்து விளங்கிக்கொள்வது மூதாட்டிக்கு விளங்காமற் போகலாம் என்பதே காரணம். ஒரு தாளைச் சீர்ப்படுத்த அறிஞருக்கே பதினெட்டு ஆண்டுகள் ஆயின என்பதை நாம் மனத்தில் வைக்க வேண்டும்.

ஹாலந்து தேசத்தில் ஜென்னி த யாங் கீர்வெல்ட் என்னும் அம்மையார் வைஸ் சொன்ன இருவகைத் தனிமையையும் தனித்தனியே அளக்கும் பதினொரு வினாக்களை 1985-இல் வெளியிட்டார். 2006-இல் அவை ஆறாகச் சுருக்கப்பட்டன. அமெரிக்காவில் 2004-இல், தொலைபேசியில் கேட்பதற்கென்று மூன்றே வினாக்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன: துணையில்லாக் குறை, சேர்க்கப்படாத உணர்ச்சி, பிறரிடமிருந்து பிரிந்திருக்கும் உணர்ச்சி ஆகியவை எவ்வளவு அடிக்கடி தோன்றுகின்றன என்பனவே அவை. அவற்றில் "தனிமை" என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அச்சொல்லைக் கேட்டதும் மானமுள்ளவன் மறுத்துவிடுவான். பிரிட்டனின் புள்ளிவிவர அலுவலகம் 2018-இல் அம்மூன்றோடு நேராகக் கேட்கும் ஒரு வினாவையும் சேர்த்துக்கொள்ளுமாறு பரிந்துரைத்தது. மறைப்பவனையும் பிடிக்க வேண்டும், ஒளிக்காதவனின் வாய்ச்சொல்லையும் மதிக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இத்தாளைத் தமிழில் மொழிபெயர்த்துப் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததா? முடியாது. மூன்று தடைகள் உள்ளன.

முதலாவது சொல். நம் மொழியில் தனிமை எப்போதும் துன்பமாவதில்லை. ஏகாந்தம் என்று அதனைப் போற்றுவோரும் உண்டு. "நீங்கள் தனியாக இருக்கிறீர்களா?" என்று கேட்டால், வீட்டில் வேறு ஆள் உண்டா என்று கேட்பதாகவே பாட்டி எடுத்துக்கொள்வாள். அதைவிடக் கேடானது மற்றொன்று. சேர்க்கப்படாத உணர்ச்சியைக் கேட்கும் வினாவை "ஒதுக்கி வைக்கப்பட்டதாக உணர்கிறீர்களா?" என்று பெயர்த்துவிட்டால், நம் சமூகத்தில் அச்சொற்றொடர் நேரே சாதிக் கட்டுப்பாட்டையும் ஊர் விலக்கையும் நினைவூட்டும். சாதிக் கொடுமைக்கு ஆளானவன் தன் மானத்தைக் காக்க "இல்லை" என்பான். ஆளாகாதவன் வினாவே தன்னைப் பற்றியதன்று என்று "இல்லை" என்பான். தாள் தனிமையை விட்டுச் சாதியை அளக்கும். அதனையும் பிழையாக அளக்கும். ஆகவே ஆங்கிலத்திலிருந்து சொல்லைத் தேடாமல், மக்கள் வாயிலிருந்து சொல்லைத் திரட்ட வேண்டும். பேச்சுத்துணை, மனம் விட்டுப் பேச ஆள், ஒண்டிக்கட்டை, நாதியில்லை, ஏனென்று கேட்க ஆளில்லை என்று நம் மக்கள் ஏற்கனவே சொல்லிக்கொண்டிருக்கும் சொற்களில் வினாக்கள் கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்கி எழுதி, மூலத்தைப் பாராத ஒருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலத்தில் பெயர்க்கச் செய்து, பொருள் மாறாதிருக்கின்றதா என்று ஒத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கேட்பவன் யார் என்பது. தோட்டத்தில் கேள்வி கேட்டவன் எப்போதும் மேலே இருந்தவன். துரை கேட்டான், கிராணி கேட்டான், கங்காணி கேட்டான், டிரஸ்சர் கேட்டான். விடை தவறினால் கூலி குறையும். விடை நீண்டால் அடி விழும். ஆகவே "ஆமாங்க" என்பது நம் முன்னோர் கற்ற முதற் பாதுகாப்பு. கையிலே தாளும் கழுத்திலே அடையாளச் சீட்டும் கொண்டு ஓர் இளைஞன் வந்து நின்றால், எழுபத்தைந்து வயதுத் தாத்தாவின் கண்ணுக்கு அவனும் ஒரு கிராணியே. 1980-இல் அமெரிக்க அறிஞர் திருத்திய குற்றம் அங்கே சிறு இயல்பு. இங்கே அது நூறாண்டுப் பழக்கம். ஆகையால் இருபக்க வாக்கியங்களும் நமக்கு இரட்டிப்பாக வேண்டும். கேட்பவர் முதலில் அமர்ந்து, தேநீர் குடித்து, தாம் எந்த ஊர், எந்தத் தோட்டம் என்று சொல்லிய பின்னரே தாளை எடுக்க வேண்டும். எழுத்தறியாதவர்க்கும் கண்பார்வை குன்றியவர்க்கும் வாயால் படித்துக் காட்ட வேண்டும்.

மூன்றாவது, பக்கத்தில் இருப்பவர் யார் என்பது. மகனும் மருமகளும் உடனிருக்க, "உங்களுக்கு மனம் விட்டுப் பேச ஆள் உண்டா?" என்றால் எந்தத் தாய் "இல்லை" என்று சொல்லுவாள்? அவள் சொல்லும் விடை அவளைப் பற்றியதன்று. மகனின் நற்பெயரைப் பற்றியது. "எனக்கென்ன குறை, எல்லாம் நல்லாயிருக்கேன்" என்று அவள் சொன்னதைத் தாளில் எழுதிக்கொண்டு, இந்தியக் குடும்பங்களில் முதியோருக்குத் தனிமையே இல்லை என்று நாம் மார் தட்டினால், அது விஞ்ஞானமாகாது, வீண் பெருமையாகும். விதவைகளின் நிலை இன்னும் மோசம். மங்கல காரியங்களில் முன்னே நிற்கக் கூடாது என்று மூடப் பழக்கம் அவர்களை எந்த வீட்டிலே பின்னுக்குத் தள்ளியதோ, அந்த வீட்டிலேயே இருந்துகொண்டு அவர்கள் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே தனியே கேட்க வேண்டும். பெண்களைப் பெண்களே கேட்க வேண்டும்.

இத்தடைகளைக் கடந்து செய்யப்படும் தாளையும் உடனே நம்பிவிடலாகாது. அடுக்குமாடியில் இருப்போர், பழைய தோட்ட வீட்டில் இருப்போர், கடைத்தெருவில் இருப்போர், ஆண், பெண், முதியோர், நடுவயதினர் என்று பலரிடமும் கேட்டுப் பார்க்க வேண்டும். எல்லோரும் ஒரே விடை சொல்லும் வினா எதையும் அளப்பதில்லை. அதனை நீக்க வேண்டும். "அடிக்கடி" என்பது ஒருவருக்கு நாள்தோறும், மற்றொருவருக்கு மாதந்தோறும் ஆகலாம், "வாரத்தில் எத்தனை நாள்?" என்று கேட்பது தெளிவு. இரண்டு வாரம் கழித்து அதே மனிதரை மீண்டும் கேட்க வேண்டும். துணையை அண்மையில் இழந்தவருக்கும் இழவாதவருக்கும் தாள் வேற்றுமை காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். காட்டவில்லையானால், வெட்கப்படாமல் அதனைக் கிழித்தெறிந்து மறுபடி தொடங்க வேண்டும்.

"இவ்வளவு பாடுபட்டு அளந்து ஆவதென்ன? கிழவர்க்குத் தனிமை இயற்கை, அது தலைவிதி" என்று சொல்வோர் நம்மில் உண்டு. மலேரியாவையும் தலைவிதி என்றுதான் சொன்னார்கள். கொசுவைக் கண்டுபிடித்த பின் விதி ஓடிற்று. உலகச் சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வருந்துகின்றார் என்றும், அதன் தொடர்பாக ஆண்டுதோறும் சுமார் 8,71,000 மரணங்கள் நேர்கின்றன என்றும் கூறுகிறது. வருந்துவோர் முதியோர் மட்டுமல்லர். இளைஞரும் மிகுதியாக வருந்துகின்றனர் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. பிரிட்டன் 2018-இலும் ஜப்பான் 2021-இலும் இதற்கென அமைச்சரை நியமித்தன. எண்ணிக்கை கிடைத்த பின்னரே அத்தேசங்களில் பணமும் ஆளும் ஒதுக்கப்பட்டன. எண்ணிக்கையில் வராத சமூகத்துக்கு எவனும் பங்கு வைக்கமாட்டான். மலேசிய முதியோரைப் பற்றிப் பொதுவாக எடுக்கும் கணக்கில், நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவான நம்மவர் மற்றவரோடு கலந்து மறைந்துவிடுவர். நம் மொழியில் கேளாத கேள்விக்கு நம் மக்கள் சொல்லும் விடை காற்றோடு போகும்.

வேறொரு மறுப்பு இதைக் காட்டிலும் வலியது. அளந்துவிட்டு எழுந்து போவது கொடுமையல்லவா என்பது அது. ஆம், கொடுமைதான். "ஏனென்று கேட்க ஆளுண்டா?" என்று ஒருத்தியைக் கேட்டு, அவள் "இல்லை" என்று சொன்னதை 1 முதல் 4 வரையுள்ள ஓர் எண்ணாக்கி எடுத்துக்கொண்டு திரும்பாமற் போகின்றவன், பெரட்டுக் களத்துக் கிராணியிலும் தாழ்ந்தவன். தராசைக் கொண்டு செல்பவன் கையில் அரிசியும் இருக்க வேண்டும். 1970 முதல் கோலாலம்பூர் வட்டாரத்தில் பிரண்டியர்ஸ் சங்கத்தார் துன்புறுவோரின் குரலைத் தொலைபேசியில் கேட்டு வருகின்றனர். கேட்பதே ஒரு தொண்டு என்பதற்கு அது சான்று. நம்முடைய சங்கங்களும், தமிழ்ப் பள்ளிகளும், நூலகங்களும், கோயிற் கமிட்டிகளும் திருவிழாச் செலவில் நூற்றில் ஒரு பங்கையேனும் இதற்கென்று வைத்தால், கேட்ட வீட்டுக்கு மறுவாரமும் ஓர் ஆள் செல்லக்கூடும்.

காலம் காத்திராது. லயனில் பிறந்து, ஜப்பானியர் காலத்தைக் குழந்தையாகக் கண்டு, தோட்டம் துண்டாடப்பட்டதையும் விற்கப்பட்டதையும் பார்த்து, இன்று மாடி வீட்டுச் சன்னலருகே உட்கார்ந்திருக்கும் தலைமுறை ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. அவர்களிடம் எவ்வளவு சம்பளம் வாங்கினீர்கள் என்று கேட்டோர் உண்டு. எந்தக் கட்சிக்கு வாக்களிப்பீர்கள் என்று கேட்போரும் உண்டு. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு, விடை வரும் வரையில் காத்திருந்தோர் எத்தனை பேர்?

1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர், உறவினரும் நண்பரும் தடையின்றி வந்து போக வேண்டும் என்று எழுதினார்கள். அன்று வாயிலைத் துரை அடைத்திருந்தான். இன்று வாயிலில் துரையில்லை, மின்தூக்கி பதினான்காம் மாடி வரையில் ஏறுகிறது, எவனும் தடுப்பதில்லை. வருவோர்தாம் இல்லை. அக்கோரிக்கை இன்னும் நிறைவேறாமலேயே இருக்கிறது. இம்முறை அது நம்மை நோக்கி எழுதப்பட்டதாகவே இருக்கிறது. நல்லதொரு வினாத்தாள், அதனை யார் யார் எழுதியிருக்கிறார்கள், எந்த வீட்டிலிருந்து எழுதியிருக்கிறார்கள் என்று நமக்குக் காட்டும். படித்த இளைஞர்கள் இவ்வேலையைக் கைக்கொள்வார்களாக. பெரியோர் அவர்களுக்குக் கதவைத் திறப்பார்களாக.